ரத்தினம்மாளின் பத்தொன்பது பாட்டில்கள்

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். போடட்டும், போட்டால் என்ன, கமிட்டி பதினொன்றரைக்குத்தானே, இப்போது மணி பத்து ஐந்து, கேட்டில் இருபது நிமிஷம் போனாலும் இங்கிருந்து திருவாரூர் அரைமணி, ஆட்டோ இருபது நிமிஷம், ஆகப் பதினொன்றே கால், முகம் கழுவ ஐந்து நிமிஷம், மிச்சம் பத்து நிமிஷம் மூச்சு வாங்க என்று ஆராய்ச்சி மாணவி எமரன்சி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே டிரைவர் இஞ்சினை அணைத்தார். அணைத்ததும் பஸ்ஸுக்குள் எல்லாருடைய தும்மலும் கொட்டாவியும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன, கூடவே அவள் மடியில் துண்டு சுற்றி வைத்திருந்த பாட்டிலுக்குள் கோலி உருண்டு டங்கென்று இடித்தது. முன்சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். பாட்டில் என்றால் இந்த ஜனங்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரியும். நாகப்பட்டினத்தில் ஏறியபோதே கண்டக்டர் கேட்டாயிற்று. "மடியில என்னம்மா, உடையிற சாமானா?" "பாட்டில்ணே." "பாட்டிலா?" "நூறு வருஷத்துப் பாட்டில்." "அப்ப நல்லா ஊறியிருக்கும்," என்றார் அவர், பஸ்ஸே சிரித்தது, கைக்குழந்தை ஒன்றுகூடச் சிரித்ததாக எமரன்சிக்கு ஞாபகம். சும்மா விட்டாளா? ஒரு பெண் கையில் பாட்டில் இருந்தால் உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது, ஓர் ஆண் கையில் இருந்தால் ஏன் வருவதில்லை, இதில் எது சிரிப்பு எது பயம் என்று சிக்கல் ஸ்டாப் வரைக்கும் அவரை நிற்க வைத்துக் கேட்டாள். கண்டக்டர் பாவம், கடைசியில் மீதிச் சில்லறையை அவள் கையில் திணித்துவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்தான், இன்னும் பின்னால் வரவில்லை. அதுவும் ஒரு வெற்றிதான். சின்ன வெற்றி. பெரிய வெற்றி பதினொன்றரைக்கு.

பெரிய வெற்றி என்று நினைத்ததும் அவள் துண்டின் நுனியை விலக்கிப் பாட்டிலைப் பார்த்தாள். பச்சைக் கண்ணாடி. கழுத்தை யாரோ இரண்டு விரலால் நெரித்த மாதிரி ஓர் இடுக்கு, அந்த இடுக்குக்கு மேலே கோலி. வயிற்றுப் பக்கத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரவென்று ஒரு வெள்ளைப் படலம். அரம் போட்டு அராவியது. இந்தப் படலத்தைப் பற்றித்தான் அவள் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள், தலைப்பு 'அராவப்பட்ட பெயர்', இதற்காகத்தான் இரண்டு வருஷம் நாகப்பட்டினத்துப் பழைய பண்டகசாலைத் தெருவில் பாழ்மனைக்குப் பாழ்மனை குழிக்குள் இறங்கினாள். ஒரு மனையில், கொல்லைப்புறக் குப்பைக் குழியில், இருபத்து மூன்று பாட்டில் கிடைத்தது. நான்கில் ஆங்கில எழுத்தில் புடைப்பாக 'ரத்தினம்மாள் சோடா, நாகப்பட்டினம்'. பத்தொன்பதில் பெயரே இல்லை, அராவின தடம் மட்டும். நகராட்சியின் பழைய வரிப் பதிவேட்டில் அதே மனைக்கு நேராக ஒரே ஒரு வரி: ரத்தினம்மாள், விதவை, சோடா. அவ்வளவுதான். 1911-ஆம் வருஷத்தில் ஒரு விதவை சோடா கம்பெனி வைத்து, சீமையிலிருந்து தன் பெயர் போட்ட பாட்டில் வரவழைத்து, துறைமுகத்துக்கு விற்றிருக்கிறாள். ஊர் பொறுக்குமா? பொறுக்கவில்லை. அவள் பெயரை அரம் போட்டு அராவியிருக்கிறது. இதை எழுதும்போது எமரன்சிக்குக் கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபம் அவளுக்குப் பிடிக்கும், அது வந்தால் பக்கம் பக்கமாக எழுத வரும்.

சிகாமணி சாருக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் அவளுடைய நெறியாளர். இந்தக் கமிட்டியில் இருக்கும் மூன்று பேரில் ஒருவர், இரண்டு வருஷமாக அவளோடு ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத ஒருவர். "பாட்டில் எல்லாம் ஒரு ஆதாரமாம்மா? கல்வெட்டு பேசும். செப்பேடு பேசும். சோடா பாட்டில் என்ன பேசும், புஸ்ஸுன்னு ஒரு தரம் பேசும்." அவர் அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தது அவளுக்கு மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. சார், கல்வெட்டு ராஜா பேசுவது, பாட்டில் ஜனங்கள் பேசுவது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பஸ் ஏறினதும்தான் தோன்றியது, மறுநாள் போய்ச் சொன்னாள். வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தவரை நிறுத்திச் சொன்னாள். இன்றைக்குக் கமிட்டி 'அராவப்பட்ட பெயர்' செல்லாது என்றால் அவளுடைய தலைப்பையே மாற்றிவிடுவார்கள். சார் ஏற்கெனவே வேறு தலைப்பு எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், அவள் தலைகீழாகப் படித்திருக்கிறாள்: கோயில் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் மடைப் பராமரிப்பும். மடை. இரண்டு வருஷம் குழி தோண்டினவளை மடை பராமரிக்கச் சொல்கிறார்கள். ரத்தினம்மாள் மறுபடியும் குழிக்குள் போவாள். ஊரைப் பற்றி அச்சில் இருக்கிற வரலாறு என்ன, நூற்றாண்டு விழா மலர் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அதில் மொத்தம் மூன்றே பெண்கள், இரண்டு பேர் அம்மன், மூன்றாவது மலர்க்குழுத் தலைவரின் மனைவி, அதுவும் குத்துவிளக்கு ஏற்றுகிற போட்டோவில். அந்த மலரை எமரன்சி நகராட்சி நூலகத்தில் வைத்தே படித்துவிட்டு, அங்கேயே நூலகரிடம் சண்டை போட்டாள். அவர் அதை எழுதவில்லை, அவர் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், ஆனாலும் யாரிடமாவது போட்டாக வேண்டியிருந்தது.

அதனால் ரத்தினம்மாளை அவளே எழுதிக்கொண்டாள். ஒல்லி. கறுப்பு. வெள்ளைப் புடைவை. நெற்றி வெறுமையாக. வாய் திறக்காத ஆள், பாவம், கண் மட்டும் பெரிசு. பதிவேடு எழுத வந்த நகராட்சி கிளார்க் எட்டிப் பார்த்து "யார் முதலாளி?" என்று கேட்கும்போது தலை குனிந்து "நான்தாங்க" என்கிற ஆள். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் இல்லாததுதானே பிரச்சினை. பத்தொன்பது பாட்டிலை எவனோ அராவித் திருப்பி அனுப்பியிருக்கிறான், அவமானப்படுத்த, அவள் கொல்லையிலேயே கொண்டுவந்து போட்டிருக்கிறான், அவள் ஒன்றும் சொல்லாமல் குழியில் புதைத்துவிட்டு உள்ளே போய்... இங்கே வந்தால் எமரன்சி மூக்கைச் சிந்துவாள். நாற்பது பக்கத்தில் இருபத்தாறாம் பக்கம். விடுதித் தோழி ஃபரீதாவிடம் வாசித்துக் காட்டினபோது அவள்கூட அழுதாள், அவளுக்குச் சளி என்று பிறகுதான் தெரிந்தது.

"பாப்பா, அத செத்த அந்தாண்ட தள்ளிக்கிறியா? ரெண்டும் இடிச்சா எது உடையும்னு தெரியாது." பக்கத்துச் சீட்டம்மா. கீழையூர்ப் பக்கமாம், பெயர் கோசலை, பஸ் ஏறியதிலிருந்து இரண்டு தரம் போனில் யாரிடமோ "கோசலை பேசுறேன், ஆங், கோசலை" என்று கத்தியதில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மடியில் மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து தட்டையான ஒரு பாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது, வாய்க்குப் பிளாஸ்டிக் தாள் வைத்து ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தாள். எமரன்சி தன் பாட்டிலை நகர்த்தினாள். நகர்த்தும்போது பார்த்தாள். பிராந்திப் பாட்டில். தோளில் கண்ணாடியிலேயே வார்த்த ஒரு குதிரைத் தலை, அதற்குக் கீழே கம்பெனிப் பெயர். கண்டக்டர் இதைப் பார்க்கவே இல்லை, பார்த்தவர் என்னை மட்டும்தான் பார்த்தார் என்று எமரன்சிக்கு முதலில் வந்தது அந்தக் கோபம்தான். "என்னக்கா இது?" "நல்லெண்ண பாப்பா. செக்குல ஆட்டுனது. மவ புள்ள பெத்துருக்கா, தலைக்கு ஊத்த." "பிராந்திப் பாட்டில்லயா?" "ஏன், நல்ல கெட்டிப் பாட்டிலு. மூடி இறுக்கம். எங்க வூட்டு ஆளு ஒருத்தராலதான் எங்க தெருவு பூராவுக்கும் பாட்டிலு." கோசலை அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். "லேபிளு இருந்திச்சி, வெந்நீர்ல ஊறப்போட்டு நகத்தாலயே சொரண்டிட்டேன். இந்தக் குதிர மட்டும் போவ மாட்டங்குது. அருவாமணையில தேச்சுப் பாத்தேன். சம்மந்தி வூட்ல பாத்தா என்ன நெனப்பாங்க." "அதனால பேரை எடுத்துட்டீங்க." "பின்ன? அடுத்தவன் பேரு நமக்கு எதுக்கு? நமக்கு வேண்டியது பாட்டிலு."

எமரன்சி சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள், கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கடியில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், கேட் கீப்பர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார், வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தாள், இதில் எதையுமே எமரன்சி பார்க்கவில்லை என்பது எமரன்சிக்கே தெரிந்தது. அடுத்தவன் பேரு நமக்கு எதுக்கு. சரி, அது நல்லெண்ணெய். சோடா வேறு. அதெப்படி வேறு? சோடா என்பது ஒரு தொழில், நல்லெண்ணெய் என்பது மகள் பிரசவம். சரி, வீட்டில் அம்மா மாங்காய் ஊறுகாய் போடுவது எதில், ஹார்லிக்ஸ் பாட்டிலில். பினாயில் எதில் வரும், ரோஸ்மில்க் பாட்டிலில். மண்ணெண்ணெய் எதில் இருந்தது, அதைக் குடிக்கப்போய்த்தானே பிரிட்டோ சித்தப்பா... சரி, சரி. இந்த ஊரில் எந்தப் பாட்டிலுக்குள்ளும் பாட்டிலில் எழுதியிருக்கிறது இருந்ததே இல்லை, பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள், இரண்டு வருஷம் பாட்டிலைத் தவிர வேறு எதையுமே படிக்காதவள், ஆனால் நான் என்ன செய்தேன் என்றால்... நான் ஒன்றும் செய்யவில்லை. நிறுத்து. கமிட்டிக்கு முன்னால் எல்லாருக்கும் இப்படித்தான் வரும், இதற்குப் பெயர் பதற்றம், தண்ணீர் குடி. தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போது மற்றக் கை தன் பாட்டிலின் தோளைத் தடவிக்கொண்டிருந்தது, மூளை என்ன சொன்னாலும் கேட்காமல், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி. அந்தத் தோள் கைக்குத் தெரிந்த தோள்.

கைக்கு எப்படித் தெரியும் என்றால் தினமும் தொடுகிற தோள். விடுதி அறை ஜன்னலில் அவள் மணி பிளாண்ட் வைத்திருப்பது இன்னொரு பழைய பாட்டிலில். காயலான் கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது, விக்ஸ்டெட் கம்பெனி, நாகப்பட்டினத்தின் வெள்ளைக்காரச் சோடா, பெயர் முழுசாக இருந்தது, அதனாலேயே அவள் அதை ஆதாரத்தில் சேர்க்கவில்லை, வெள்ளைக்காரனுக்கு என்ன வரலாறு எழுதுவது என்று செடியை வைத்துவிட்டாள். தினமும் காலையில் அந்தத் தோளைப் பிடித்துத்தான் தண்ணீர் மாற்றுகிறாள். உயரமான தோள். ரத்தினம்மாள் பெயர் போட்ட நான்கு பாட்டிலுக்கும் தோள் தாழ்ந்திருக்கும், பிடித்தால் கை வழுக்கும். மடியில் இருக்கிற இந்த அராவின பாட்டில் வழுக்கவில்லை. அடிக்குறிப்பு பதினேழு: 'சில பாட்டில்களின் தோள் சற்று உயர்ந்திருப்பது அச்சு மாறுபாடாக இருக்கலாம்.' சில என்றால் எத்தனை? எமரன்சி, சில என்றால் எத்தனை, சொல்லு. பத்தொன்பது. பத்தொன்பதில் பத்தொன்பது சிலவா? அராவின அத்தனையும் உயரத் தோள், விக்ஸ்டெட் தோள், அராவாத நாலும் தாழ்ந்த தோள், இதை அளந்து, அட்டவணை போட்டு, அட்டவணைக்கு நம்பர் கொடுத்து, அதற்கப்புறம் அச்சு மாறுபாடு என்று எழுதினவள் நீயா நானா? இவ்வளவு நேர்மையாக அளந்துவிட்டு இவ்வளவு நேர்மையில்லாமல் எழுத ஒரு மனுஷியால் எப்படி முடியும் என்று எமரன்சி எமரன்சியைக் கேட்டாள், கேட்ட தொனி அவளுக்கே பிடிக்கவில்லை, அது அவள் மற்றவர்களைக் கேட்கிற தொனி.

அப்போதுதான் கூட்ஸ் வந்தது. காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி. பஸ் முழுக்க அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, கோலி தாளம் போட்டது, ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு குற்றச்சாட்டாகப் போனது. முதல் பெட்டி: குழி யாருடையது? ரத்தினம்மாள் கொல்லை. இரண்டாம் பெட்டி: விரோதி ஒருத்தன் அவள் பெயரை அராவினால் அந்தப் பாட்டிலில் தன் சோடாவை ஊற்றி விற்பானா, இல்லை பத்தொன்பதையும் மெனக்கெட்டுத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கொல்லையில் போட்டுவிட்டுப் போவானா? அவமானப்படுத்த. அவமானப்படுத்தவா? அரம் போட்டு ஒரு பாட்டிலை அராவ எத்தனை நேரம் ஆகும், நீயே செய்து பார்த்தாயே, மூன்று மணி நேரம் ஆனது, விரலில் கொப்புளம் வந்தது, அவ்வளவு பொறுமையான ஒரு விரோதியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? ஏழாம் பெட்டி, எட்டாம் பெட்டி. விக்ஸ்டெட் கம்பெனி பழைய செய்தித்தாளில் கொடுத்த எச்சரிக்கை: எங்கள் பாட்டில்களில் பிறர் சோடா அடைத்து விற்றால் வழக்குத் தொடரப்படும். அதை எடுத்து வெள்ளைக்கார முதலாளித்துவத்தின் திமிர் என்று பக்கம் பதினொன்றில் போட்டாய். எவளோ அடைத்து விற்றிருந்தால்தானே எச்சரிக்கை வரும் என்று தோன்றவில்லையா? பதினைந்தாம் பெட்டி. அட்டவணை நான்கு, வரிசை முப்பத்தொன்று, அதே குழியில் கிடைத்த பொருள்: 'இரும்புத் துண்டு, ஒரு சாண், துருப்பிடித்தது, மேற்பரப்பில் குறுக்குக் கோடுகள், பயன் தெரியவில்லை.' பயன் தெரியவில்லை! எமரன்சிக்கு முகம் சூடானது. குறுக்குக் கோடு போட்ட ஒரு சாண் இரும்புக்குப் பயன் தெரியவில்லையாம், ஐ.டி.ஐ. படிக்கிற எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் அரம்க்கா என்று சொல்லியிருப்பான். ஆனால் அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்பது அவள் வழக்கமில்லை. அவள் சொல்வாள்.

ரயில் போய்க்கொண்டே இருந்தது. இப்போது ரத்தினம்மாள் வேறு மாதிரி நின்றாள். அதுதான் பயமாக இருந்தது. பெரிய கண்ணோடு தலை குனிந்து நின்றவள் மெல்லத் தலையைத் தூக்கினாள், தூக்கினால் அந்தக் கண்ணில் ஒன்றும் பாவம் இல்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கொல்லையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், பட்டப்பகலில், மடியில் விக்ஸ்டெட் பாட்டில், கையில் அரம், சர்ர்க் சர்ர்க், கண்ணாடித் தூள் முட்டிவரைக்கும். சீமையிலிருந்து வரவழைத்த பாட்டில் கப்பலிலேயே பாதி உடைந்திருக்கும், வந்தது வாங்குகிறவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும், மிச்சம் நாலு, நாலை வைத்து என்ன கம்பெனி நடத்துவது? தெருவெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டில் கிடந்தது. எடுத்தாள். அடுத்தவன் பேரு நமக்கு எதுக்கு. ஆமாம், திருடிதான். எமரன்சி அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சொன்னதும் யாரோ கேட்டுவிட்ட மாதிரி கோசலையைப் பார்த்தாள். கோசலை கூட்ஸ் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தாள். திருடி. நாற்பது பக்கம் அழுதது ஒரு திருடிக்காக. பெயர் அராவப்பட்டவள் இல்லை, அராவினவள்.

சொல்லாமல் இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? கமிட்டியில் வெளியிலிருந்து வருகிற பேராசிரியர் பழங்கால நாணய ஆராய்ச்சி ஆள், அவர் பாட்டிலைக் கையில்கூடத் தொட மாட்டார். துறைத் தலைவர் அடிக்குறிப்பு படிக்கிற வழக்கமில்லை. சிகாமணி சார் தோள் எங்கே இருக்கிறது என்றே பார்க்க மாட்டார். நாற்பது பக்கத்தை அதே கோபத்தோடு வாசித்தால் போதும், தலைப்பு தப்பிக்கும், மடை போகும், மூன்றாவது வருஷம் ரத்தினம்மாளோடு இருக்கலாம், எந்த ரத்தினம்மாளோடு என்பது அப்புறம். ஒரு பதினைந்து பெட்டி தூரத்துக்கு எமரன்சி அந்த வழியிலேயே போனாள், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் போனால் இந்த எமரன்சி சும்மா இருப்பாளா, வாழ்நாள் முழுக்க இவளோடல்லவா ஒரே அறையில் இருக்க வேண்டும். தோற்றதாக ஒப்புக்கொண்டதே கிடையாதே நான். அதுதான் இன்னொரு பயம். எட்டு வயதில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் நோவாவின் பெட்டகத்தைச் சொன்னபோது மீன்களை ஏன் ஏற்றினார்கள் என்று கேட்டு, ஏற்றவில்லை என்று சிஸ்டர் சொல்லியும் ஏற்றினதாகவே வைத்து அரைமணி வாதாடியவள். அம்மா சொல்வாள், "நீ செத்தாலும் பொட்டிக்குள்ள இருந்து 'அது அப்படியில்ல'ன்னு சொல்லுவடி. குருவானவர் பாதிப் பூசையில எழுந்து ஓடுவார்." இப்போது முதல் தடவையாக ஒருத்தி அவளைத் தோற்கடித்திருக்கிறாள், அதுவும் அவளேதான் அந்த ஒருத்தி, அப்படிப் பார்த்தால் இது தோல்வியில் சேருமா? சேரும். சேராது. இதையும் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தெட்டு," என்றாள் கோசலை. கூட்ஸ் முடிந்துவிட்டது. முடிந்ததும் வந்த அமைதியில் போன் அடித்தது. சிகாமணி சார். எமரன்சி மூன்று ரிங் வரைக்கும் எடுக்கவில்லை, நான்காவதில் எடுத்தாள். "எங்கம்மா இருக்கே?" "கேட்ல சார்." "வந்துரு. பதட்டப்படாதே. நான் ஒண்ணு சொல்லணும், நேர்ல சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும்." சார் தொண்டையைச் செருமினார். சிகாமணி சார் செருமுவதை அவள் கேட்டதே இல்லை. "ஞாயித்துக்கெழமை முழுக்க உன் அத்தியாயத்தைத் திரும்ப உக்காந்து படிச்சேன். என் சம்சாரமும் படிச்சா. இருபத்தாறாம் பக்கத்துல ரெண்டு பேரும் அழுதுட்டோம். நான் தோத்துட்டேம்மா. நீ சொன்னதுதான் சரி. அந்த அம்மாவை ஊர் அழிச்சிருக்கு. நாணயத்துக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், நெறியாளரா நான் முழுசா ஒத்துக்கிறேன்னு எழுதியே குடுத்துட்டேன். சந்தோஷம்தானே?"

எமரன்சி போனை மறுகாதுக்கு மாற்றினாள். இரண்டு வருஷம் இதற்காகத்தான் கத்தினாள். இந்த வார்த்தையை இதே குரலில் அவர் சொல்வதாகக் குளிக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். வந்துவிட்டது, கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான், ஆமாம் சார் நன்றி சார் என்று சொன்னால் மூன்றே விநாடி. ஆனால் அவளுக்குள்ளே சந்தோஷம் வருவதற்குப் பதிலாகக் கோபம்தான் குபுகுபுவென்று வந்தது. "எப்படி சார் ஒத்துக்கிட்டீங்க?" "என்னது?" "எதை வச்சு ஒத்துக்கிட்டீங்க? ஆதாரம் எங்க சார்? அழுதா ஆதாரமா? அடிக்குறிப்பெல்லாம் படிச்சீங்களா?" "ஏம்மா, நீதானே..." "நான் எழுதுவேன் சார், நீங்க கேக்கணும்ல? அதுக்குத்தானே நெறியாளர்? குழி அவங்க கொல்லையில இருக்கு, அரம் அவங்க குழியில இருக்கு, பாட்டில் பூரா விக்ஸ்டெட் பாட்டில், தோள் அளவு நானே குடுத்திருக்கேன், ஒரு கேள்வி கேட்டீங்களா சார் நீங்க?" முன்சீட்டுப் பெரியவர் இப்போது உடம்போடு திரும்பி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். போனில் சார் மெதுவாக, யாரோ பக்கத்தில் படுத்திருக்கிற நோயாளியை எழுப்பிவிடக் கூடாதென்பது போலக் கேட்டார். "நீ என்னம்மா சொல்ல வர்றே?" "அராவினது ரத்தினம்மாள்தான் சார். வெள்ளைக்காரன் பாட்டிலை எடுத்து, பேரை அராவிட்டு, தன் சோடாவை ஊத்தி, அவன் வாசல்லயே வித்திருக்காங்க. அவமானம் தாங்காமப் புதைக்கல, பிடிபடப் போறோம்னு தெரிஞ்சு புதைச்சிருக்காங்க. நான் எழுதுன நாப்பது பக்கமும் தப்பு. தப்பு சார். நான் சொல்றேன்."

சொல்லிவிட்டாள். வானம் இடியவில்லை. வெள்ளரிக்காரி ஜன்னலுக்குள் ஒரு பிஞ்சை நீட்டினாள், எமரன்சி வேண்டாமென்று தலையாட்டினாள், கோசலை வாங்கிக்கொண்டாள். "எமரன்சி," என்றார் சிகாமணி சார், இரண்டு வருஷத்தில் அவர் குரல் இவ்வளவு வருத்தமாக அவள் கேட்டதில்லை, "கேக்க நல்லா இல்லம்மா இது. ஒரு விதவைப் பொம்பள. புருஷன் இல்ல, ஆதரவு இல்ல. ஏதோ மானமா சோடா வித்து வயித்தக் கழுவியிருக்கா. அவளைப் போய்த் திருடிங்கிறே. கமிட்டியில மூணு ஆம்பளை உக்காந்திருப்போம், எங்க முன்னாடி அந்த அம்மா மானத்தை நீயே வாங்கலாமா? உன் பழைய வாதம்தாம்மா கௌரவமா இருக்கு. அதையே வாசி. நான் பாத்துக்கிறேன்."

கௌரவமா. எமரன்சி சீட்டை விட்டு எழுந்தே விட்டாள். பாட்டில் துண்டோடு சரிந்தது, கோசலை தன் மடியிலேயே தாங்கி இரண்டு பாட்டிலையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கேட் கம்பி கிறீச்சென்று மேலே போனது, முன்னால் நின்ற லாரி உறுமியது, டிரைவர் சாவியைத் திருப்பினார், இவ்வளவு சத்தத்துக்கும் மேலே அவள் குரல் போனது. "ஏன் சார், பொம்பளைன்னா திருட மாட்டாளா? ஆம்பளை அராவினா தொழில் சாமர்த்தியம், பொம்பளை அராவினா மானம் போயிடுமா? அழுதுகிட்டு இருந்தா மட்டும்தான் வரலாத்துல இடம் குடுப்பீங்களா? வெள்ளைக்காரன் பாட்டிலைக் கூசாம எடுத்து வித்தா சார் எங்க ரத்தினம்மா! மூணு பேர் இல்ல, முப்பது பேர் உக்காந்திருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன். தலைப்பை மாத்துறதுன்னா மாத்துங்க, ஆனா மடைன்னு மாத்தாதீங்க, திருட்டுன்னு மாத்துங்க!"

"அப்படிச் சொல்லு பாப்பா," என்றாள் கோசலை, வெள்ளரிப் பிஞ்சை வாயில் வைத்தபடியே. "இப்ப உக்காரு, வண்டி நகருது. உக்காந்துகிட்டே திட்டு."